இசைத்தட்டும் முன்பெருக்கியும்

வீட்டிலுள்ள பழம்பொருள்களுள் எதனை வைத்துக்கொள்வது, எதனைக் கழிப்பது என்னும் வழக்கு எல்லாக் குடும்பங்களிலும் எழுவதுதான். பித்தளைப் பாத்திரத்தை எடைபோட்டு விலை கூறுவார் உண்டு; தேக்குப் பெட்டிக்கும் கேட்பார் உண்டு. இசைத்தட்டுகளுக்கோ தீர்ப்பு வேறு வகையில் வழங்கப்படுகிறது. ஒரு தட்டை எடுத்துச் சுழல விடுகிறோம். ஒலி மெலிந்து வருகிறது. அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. "பழைய தட்டு, இப்படித்தான் இருக்கும்" என்கிறோம். வழக்கு முடிந்துவிடுகிறது. குற்றம் தட்டினுடையதா, அதனைப் படித்துக் காட்டிய கருவியினுடையதா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு விசாரிக்காமலே தீர்ப்பளிக்க இருந்த ஒரு வீட்டின் கதையையும், பின்னர் நடந்த விசாரணையில் நான் கற்றுக்கொண்ட சில செய்திகளையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை வழியாகச் சென்றால் உடும்பஞ்சோலை வரும். ஏலமும் மிளகும் விளையும் இம்மலைப்பகுதி, 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் உருவான இடுக்கி மாவட்டத்தில் அடங்கியது. ஆட்சிமொழி மலையாளமே ஆயினும், ஏலத்தோட்டங்களில் தமிழ்க்குரல் ஓய்ந்ததில்லை. இன்றும் காலைதோறும் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் ஏறிவந்து, காய் எடுத்து, மாலையில் இறங்கிச் செல்லும் பெண்கள் பலர்.

இசையும் இப்பாதையில்தான் மலையேறியது. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்டபோது, அடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் இம்மலைகளில் பாடி வாக்குக் கேட்டார். அவருடைய தம்பியாகிய இளையராஜா 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படத்தின்மூலம் நாடறிந்தவரானார். அதன்பின் அடிவாரத்து இசை, தட்டுகளின் உருவில் மீண்டும் மலையேறி வந்தது.

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இரு தலைமுறைத் தட்டுகள் இருந்தன. அம்மாவின் தந்தையார் போடியில் சேர்த்தவை, நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அவற்றில் பாடினார்கள். என் தந்தையார் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து மிச்சம்பிடித்த பணத்தில் வாங்கியவை, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டுகள். மழைக்காலத்து மாலைகளில் வெளியே மூடுபனி இறங்க, உள்ளே தட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். எங்களுக்குத் தமிழ் எழுத்துக்கு முன்பே தமிழ்ப்பாட்டு வந்தது இந்த வழியால்தான்.

தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆயின. அலுவல் காரணமாகத் தில்லியில் வாழும் நான், ஒரு கோடை விடுமுறையில் ஊர் சென்றேன். அப்போது தம்பி ஒரு திட்டம் கூறினான். தட்டுகளை எல்லாம் ஒருமுறை ஓட்டிக் கணினியில் ஏற்றிவிடுவது. எனக்கும் மும்பையில் இருக்கும் தங்கைக்கும் அவற்றை அனுப்பிவிடுவது. பிறகு தட்டுகளைப் பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிடுவது. உறைகளில் பூஞ்சணம் படர்கிறது, வீட்டில் இடமும் இல்லை என்று அவன் கூறியதில் பொய்யில்லை. தந்தையாரின் பழைய ரிக்கார்டு பிளேயர் பழுதாகிவிட்டமையால், இதற்கெனவே மூன்று வேகங்களில் சுழலும் புதிய கருவி ஒன்றையும் வாங்கியிருந்தான்.

அன்று மாலை சுந்தராம்பாளின் நெடுநேரத் தட்டொன்றை ஓட்டிக் காட்டினான். எண்பதை நெருங்கும் அம்மா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார்கள்.

"ஏப்பா சின்னவனே, இது அந்தம்மா குரலே இல்லையே. பட்டினி கிடந்தவ பாடுற மாதிரியில்ல இருக்கு" என்றார்கள்.

"ஒனக்குக் காது மந்தமாயிருச்சும்மா" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். ஆயினும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. சுந்தராம்பாளின் குரல் கணீரென்று நிறைந்து ஒலிப்பது. அன்று கேட்டதோ கூர்மையும் கீச்சொலியும் மட்டுமே. அந்த ஒலியையே கணினியில் ஏற்றித் தட்டையும் விற்றுவிட்டால், நாளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'சுந்தராம்பாள் பாட்டு' என்று எதனைக் கேட்பார்கள்? பிழையான படி ஒன்று எழுதப்பட்டு, மூல ஏடும் எரிக்கப்பட்டதற்கு அது ஒப்பாகும். தட்டுகளை அடுத்த விடுமுறைவரை விற்க வேண்டா என்று மட்டும் தம்பியிடம் கேட்டுக்கொண்டு தில்லி திரும்பினேன்.

அங்கே நான் செய்தது ஒரு பிழை. நல்ல ஒலிக்கு நல்ல ஊசிதான் வேண்டும் என்று ஒரு கடையில் கூறினார்கள். ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு தலைப்பகுதியைக் கார்ட்ரிட்ஜ் என்பர். அதில் மிக உயர்ந்தது எனப்படும் அசையும் சுருள் வகையில் ஒன்றை, ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கினேன். தீபாவளிக்கு ஊர் சென்று அதனைப் பொருத்தினோம். ஒலி முன்னிலும் மெலிந்து, உறுமல் முன்னிலும் மிகுந்தது. "இதுக்கு அதுவே தேவலை" என்றார்கள் அம்மா.

மறுநாள் நெடுங்கண்டத்தில், வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்த காலத்திலிருந்தே தொழில் செய்துவரும் முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். கருவி எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "தம்பி, ஊசியும் பெருசா வாங்கிட்டீங்க, பொட்டியும் பெருசா வச்சிருக்கீங்க. ரெண்டுக்கும் நடுவுல பேசுறதுக்கு ஆளு இல்லையே" என்றார். அந்த நடு ஆளின் பெயர்தான் முன்பெருக்கி. கடைகளில் இதனை 'ஃபோனோ ப்ரீ ஆம்ப்' என்பார்கள்.

அதன் பணி யாது என்பதை அவர் விளக்கியவாறே உங்களுக்கும் கூற முயல்கிறேன். அசையும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் ஒன்று தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். டார்ச் விளக்கில் இடும் மின்கலத்தின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். அதில் முந்நூறில் ஒரு பங்குதான் இது. நான் வாங்கிச் சென்ற அசையும் சுருள் வகையோ அதனிலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தரும். தம்பி இக்கம்பியைத் தொலைக்காட்சிக்கென வாங்கிய பெருக்கியின் 'ஆக்ஸ்' துளையில் செருகியிருந்தான். அத்துளை எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். ஆகவே முதல் வகைக்கு நூறு மடங்கும், இரண்டாம் வகைக்கு ஆயிரம் மடங்கும் ஒலிக்குறிப்பை உயர்த்திக் கொடுக்க ஒருவர் இடையில் வேண்டும். அதுவன்றி விலையுயர்ந்த ஊசி வாங்குவது, சன்னமாகப் பேசுபவரை அழைத்துவந்து சந்தையில் நிறுத்தியதைப் போன்றது.

பெருக்குவது மட்டுமே முன்பெருக்கியின் பணி என்றால், ஒலியைக் கூட்டிவைத்தால் போதுமே என்று கேட்கலாம். இரண்டாவது பணி ஒன்று உண்டு, அதுவே முதன்மையானது. தட்டில் இசை உள்ளவாறே பதிக்கப்படுவதில்லை. தணிந்த சுருதி ஒலிகளை, அதாவது மிருதங்கத்தின் தொப்பியையும் ஆர்மோனியத்தின் அடிக்கட்டைகளையும், உள்ளவாறே பதித்தால் தட்டின் கோடு இருபுறமும் மிக அகலமாக வளைந்து அடுத்த கோட்டில் புகுந்துவிடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடக்குவது இயலாது. உயர்ந்த சுருதி ஒலிகளோ மிக நுண்ணிய அசைவுகள். அவை தட்டின் மேற்பரப்பு எழுப்பும் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே பதிக்கும்போதே தணிந்தவற்றைக் குறைத்தும், உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிக்கிறார்கள். கேட்கும் இடத்தில் அதே அளவுக்குத் தணிந்தவற்றைக் கூட்டி, உயர்ந்தவற்றைக் குறைக்க வேண்டும். அப்போது இசை தன் உருவை மீண்டும் பெறும். தட்டின் இரைச்சலும் உடன் அடங்கும்.

நெடுநேரத் தட்டை அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் 1948இல் வெளியிட்டது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் இக்கூட்டல் கழித்தலைத் தன் விருப்பப்படி செய்து வந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலாளர் சங்கமன்று, தொழில் நிறுவனங்களின் சங்கம் ஒரு பொது அளவை வகுத்தது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனை 'ஆர்.ஐ.ஏ.ஏ.' அளவு என்பர். இவ்வளவின்படி, விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியை நடுவாக வைத்தால், 20 அதிர்வுள்ள ஒலி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. 20,000 அதிர்வுள்ள ஒலி ஒன்பது மடங்குக்கும் மேலாக உயர்த்தப்படுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது எளிதில் விளங்கியது. தட்டு என்பது சுருக்கெழுத்துக் குறிப்பேடு. எழுதியவர் எந்த முறையில் எழுதினாரோ, அந்த முறை அறிந்தவரே அதனை விரித்துப் படிக்க இயலும். முன்பெருக்கி அந்த வாசகர். எங்கள் வீட்டில் வாசகரே இல்லை. குறிப்பேட்டை அப்படியே சபையில் நீட்டியிருந்தோம். தணிந்த ஒலி குறைந்து, உயர்ந்த ஒலி மிகுந்து கேட்டதில் வியப்பென்ன? பட்டினி கிடந்தவள் பாடுகிறாள் என்று அம்மா கூறியது, ஒரு பொறியாளரின் அளவுகோல் கூறுவதையே கூறியதாகும்.

"அப்படியானால் என் தாத்தா காலத்து ரேடியோவில் இத்தகைய பெட்டி ஏதும் இல்லையே, அதில் மட்டும் பாட்டு எவ்வாறு நன்றாகக் கேட்டது?" என்று நீங்கள் வினவலாம். நானும் வினவினேன். அக்காலத்து வீட்டுக் கருவிகளில் இருந்தது பளிங்கு அல்லது பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ். அது பல நூறு மில்லிவோல்ட் அளவுக்குத் தரும். அன்றியும், காந்த வகை ஊசியின் வேகத்தைப் பின்பற்றுவது. பளிங்கு வகையோ ஊசி அசையும் அகலத்தைப் பின்பற்றுவது. இவ்வேறுபாட்டால் சமன்செய்யும் வேலை பெரும்பாலும் தானே நிறைவேறிவிடும். நுட்பமான ஒலிக்கு அது ஈடாகாது; தட்டையும் கூடுதல் எடையோடு தேய்க்கும். ஆயினும் இடையில் ஆள் வேண்டாத எளிய ஏற்பாடு அது. ஊசியின் வகை மாறியபோது, உடன் மாற வேண்டிய ஒன்றை நாங்கள் மாற்றவில்லை.

அசையும் சுருள் கார்ட்ரிட்ஜை உறையிலிட்டு வைத்துவிட்டு, பழைய காந்த வகையையே திரும்பப் பொருத்தினோம். கடையில் கிடைத்த ஆயத்த முன்பெருக்கி ஒன்றை இடையில் சேர்த்தோம். குரல் உடனே நிறைந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று தலைதூக்கியது. பாட்டின் அடியில் உறுமல் முழங்கிற்று.

இதன் காரணமும் அறியத்தக்கது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிப்பது. ஆர்.ஐ.ஏ.ஏ. அளவின்படி முன்பெருக்கி 50 அதிர்வுள்ள ஒலியை, நடு ஒலியைக் காட்டிலும் ஏழு மடங்கு உயர்த்த வேண்டும். மிருதங்கத்தைத் தூக்கிவிடும் அதே கை, கம்பியில் புகுந்த மின்சார உறுமலையும் தூக்கிவிடுகிறது. தலைமடையில் கலங்கிய நீர் கடைமடையில் தெளிவதில்லை. முதற்படியில் புகுந்த மாசு, பின்வரும் ஒவ்வொரு படியிலும் இசையோடு சேர்ந்து பெருகும். ஆகவே ஓர் ஒலியமைப்பைச் செம்மைப்படுத்த விரும்புவோர் கடைசிப் படியாகிய ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தொடங்காமல், முதற்படியிலிருந்து தொடங்குதல் நன்று.

முதியவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். முதலில் பெருக்கியின் மேலேயே வைத்திருந்த முன்பெருக்கியை எடுத்து, மூன்றடி தள்ளி வைத்தார். பெரிய பெருக்கியினுள் இருக்கும் மின்மாற்றியின் காந்தப்புலம் சிறு கருவியைத் தாக்குகிறது என்றார். உறுமல் பாதி குறைந்தது. அடுத்து, சுழற்கருவியின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய எர்த் கம்பியை முன்பெருக்கியின் திருகில் முடுக்கினார். அது எதற்கென்று தெரியாமல் தம்பி அதனைச் சுருட்டிக் கட்டியிருந்தான். எஞ்சியதும் பெரும்பாலும் அடங்கியது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பின்னர் அவர் கம்பியைக் கவனித்தார். சுழற்கருவிக்கும் முன்பெருக்கிக்கும் இடையே மூன்று மீட்டர் நீளக் கம்பி வளைந்து கிடந்தது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் பொதுவாக 47,000 ஓம் தடையையும், குறிப்பிட்ட சிறு மின்தேக்க அளவையும் எதிர்பார்ப்பது. ஒவ்வொரு மீட்டர் கம்பியும் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கத்தைச் சேர்க்கலாம். அது மிகுமாயின், உயர்ந்த சுருதியில் ஓரிடத்தில் ஒலி புடைத்து, அதற்கு மேல் விழுந்துவிடும். ஒரு மீட்டருக்கும் குறைந்த கம்பியை இட்டபின், வயலினின் அரத்தைப் போன்ற உராய்வு தணிந்தது. மலைக்காற்றின் ஈரத்தால் செருகிகளின் முனையில் படிந்திருந்த களிம்பையும் துடைத்து நீக்கினார்.

அவற்றை எல்லாம் செய்த பிறகே, கருவியைப் பற்றிப் பேசினார். ஆயத்தக் கருவியில் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி எஞ்சியிருந்தது. இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவாகவும் இல்லை. தாமே ஒன்று செய்து தருவதாகக் கூறி, பத்து நாளில் கொண்டுவந்தார். அதன் இதயம் 5532 என்னும் எண்ணுள்ள சில்லு. பல்லாண்டுகளாக ஒலிக்கருவிகளில் பயன்பட்டு வருவது, விலையும் மலிவு. உழைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. அளவை உருவாக்கும் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் ஒவ்வொன்றாக அளந்து, இருபுறத்துக்கும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாதவாறு இணைதேர்ந்திருந்தார். மின்மாற்றியைத் தனிப் பெட்டியில் வைத்து, கருவியை இரும்புத் தகட்டுப் பெட்டியில் மூடியிருந்தார். "காசைச் சில்லுல போடாதீங்க தம்பி, அளந்து பாக்குறதுல போடுங்க" என்பது அவர் எனக்குக் கூறிய அறிவுரை.

நெடுநேரத் தட்டுகள் இப்போது குறைவின்றிப் பாடின. தம்பி மனம் மகிழ்ந்து, தாத்தாவின் அரக்குத் தட்டு ஒன்றை எடுத்து வைத்தான். அம்மா சற்று நேரம் கேட்டார்கள். "இது கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றார்கள்.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முதியவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தம் பையிலிருந்து வேறோர் ஊசியை எடுத்தார். அரக்குத் தட்டின் கோடு அகலமானது. நெடுநேரத் தட்டின் ஊசிமுனை அதன் அடியில் விழுந்து புழுதியைத்தான் கிளறும்; முனை நான்கு மடங்கு பருத்திருக்க வேண்டும். அதனினும் முக்கியம், சுருக்கெழுத்து முறை வேறு. 1954க்கு முற்பட்ட தட்டுகளில் தணிந்த ஒலியைக் குறைக்கத் தொடங்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 250 அதிர்விலிருந்து 500 அதிர்வுவரை பல இடங்களைக் காணலாம். உயர்ந்த ஒலியைச் சிறிதும் உயர்த்தாமல் பதிக்கப்பட்டவையும் பல. உயர்த்தாத ஒன்றை, உயர்த்தியது என்று எண்ணி முன்பெருக்கி குறைக்கிறது. 5000 அதிர்வில் மட்டும் ஒலி ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பாடகியின் மெய்யெழுத்துகள் மழுங்குகின்றன, கம்பளி போர்த்தப்படுகிறது.

முதியவர் பெட்டியின் முகப்பில் ஒரு திருகு வைத்திருந்தார். அதற்கு நான்கு நிலைகள். ஒன்று நெடுநேரத் தட்டுக்கு, மூன்று பழைய தட்டுகளுக்கு. இரண்டு புறங்களையும் ஒன்றாக இணைக்கும் பொத்தானும் இருந்தது. பழைய தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளமையால், இரண்டையும் இணைத்தால் மேலும் கீழுமாக எழும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஊசியை மாற்றி, பொத்தானை அழுத்தி, திருகை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் நிலையில் அம்மா கையை உயர்த்தினார்கள்.

"இந்த ஆர்மோனியம் இத்தனை நாளா எங்கப்பா போயிருந்துச்சு?" என்றார்கள்.

அப்போதுதான் நாங்களும் கேட்டோம். பாட்டின் பின்னே ஓர் ஆர்மோனியம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. தட்டில் அது எப்போதும் இருந்தது. நாங்கள் அதனைக் கணினியில் ஏற்றியிருந்தால், எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த வாத்தியம் வாசிக்கப்பட்டதே இல்லை என்றாகியிருக்கும்.

தம்பி தன் திட்டத்தை மாற்றிக்கொண்டான். எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை, விநாடிக்கு 96,000 முறை அளந்து பதியும் முறையில் கணினியில் ஏற்றி வருகிறான். தட்டுகள் வீட்டிலேயே இருக்கின்றன. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பரணில் வைக்கலாம் என்று முதலில் எண்ணினான். அவ்வெப்பம் நெடுநேரத் தட்டுகளை வளைத்துவிடும் என்று தடுத்து, உள்ளறையில் நெட்டாக நிறுத்தி வைத்திருக்கிறோம். தங்கை மும்பையில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் பலர் வீட்டில், பெற்றோரோடு பயணம் செய்து வந்த தட்டுகள் சில இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன்.

தட்டை ஓட்டிப் பார்க்கும்போது குரல் மெலிந்து கீச்சென்று கேட்டால், இடையில் முன்பெருக்கி இல்லை என்று ஐயுறுங்கள். குரல் பருத்து, அடி முழங்கி, சிதறிக் கேட்டால், இரண்டு முன்பெருக்கிகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று ஐயுறுங்கள். இக்காலத்துச் சுழற்கருவிகள் பலவற்றினுள்ளேயே ஒன்று இருக்கிறது. பின்புறத்தில் 'ஃபோனோ', 'லைன்' என்னும் விசை இருக்கும். அதனை 'லைன்' நிலையில் வைத்துவிட்டுப் பெருக்கியின் ஃபோனோ துளையில் செருகினால் கூட்டல் கழித்தல் இருமுறை நிகழும். உறுமல் கேட்டால், புதிய கருவி வாங்குமுன் எர்த் கம்பியையும், மின்மாற்றியின் அருகாமையையும், கம்பியின் நீளத்தையும் பாருங்கள். இவற்றின் பின்னரே கருவியை உயர்த்துங்கள். அப்போதும் கார்ட்ரிட்ஜுக்கு ஏற்ற முன்பெருக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

78 சுழற்சித் தட்டு என்பதால் மட்டும் அது மிகப் பழையது என்று முடிவுசெய்ய வேண்டா. கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1960களிலும் அவை அச்சாயின; பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளும் அவ்வுருவில் நம் நாட்டில் வெளிவந்தன. தட்டின் காலமறிந்து திருகை வையுங்கள். அறிய இயலாவிடில் காதைக் கேளுங்கள். அரக்குத் தட்டை ஒருபோதும் ஸ்பிரிட் இட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கைக் கரைத்துவிடும். இடி மின்னல் காலத்தில் செருகிகளைக் கழற்றி வையுங்கள்.

தட்டுகளைப் பேணுவது ஒரு சிலரின் பித்து என்று எண்ண வேண்டா. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் திரட்டியதும், மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியதும் பிறர் கழித்ததை மதித்தவர்களால்தான். நிறுவனத்திடமும் மூலப்பதிவு இல்லாமல், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரே ஒரு படியாக எஞ்சியிருக்கும் பாட்டுகளும் உண்டு. அது உங்கள் வீட்டுப் பரணாகவும் இருக்கலாம்.

வீட்டில் முதியவர் ஒருவர் இருந்து, "இது அந்தக் குரல் இல்லையே" என்று கூறினால், அவருடைய காதைக் குறைகூறுமுன் கருவியைச் சோதித்துப் பாருங்கள். அந்தக் குரலைத் தட்டிலன்றித் தம் நினைவிலும் வைத்திருப்பவர் அவர். அவர் இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.